ராஜாவின் எந்தக் காலம் பொற்காலம்?

நம்மூரில் ஒரு வழக்கு ஏறக்குறைய ஐம்பது வருடமாக நடந்து வருகிறது. வாதியும் பிரதிவாதியும் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், தீர்ப்பு மட்டும் வந்தபாடில்லை. இளையராஜாவின் எந்தக் காலம் பொற்காலம், அவர் இனிமேல் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதுதான் வழக்கு. பிள்ளையார்பாளையத்துத் தறிவீடுகளிலும், ராஜவீதி டீக்கடைகளிலும், கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும் நேரத்திலும் இது விசாரணைக்கு வரும். இதனால் அண்ணன் தம்பிக்குள் இரண்டு நாள் பேச்சுவார்த்தை நின்றதைக்கூட நான் பார்த்திருக்கிறேன்.

"அன்னக்கிளி" வெளிவந்தது 1976 மே மாதம். அதிலிருந்து அரை நூற்றாண்டு என்று கணக்குப் போடுகிற இந்தச் சமயத்தில், கட்சிகளை வரிசையாக எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. ஆரம்ப கால வக்கீல்கள் பலர் இன்று இல்லை. அவர்கள் உட்கார்ந்து வாதாடிய தறிக்கூடங்களும் தெருவுக்குத் தெரு குறைந்துகொண்டு வருகின்றன. யாராவது எழுதி வைக்க வேண்டும் அல்லவா?

ஊருக்குப் பழைய பழக்கம்

பாட்டை வைத்துக் கட்சி கட்டுவது காஞ்சிபுரத்துக்குப் புதிது இல்லை. காஞ்சிபுரம் நயினா பிள்ளை (1889–1934) லயத்தில் சிங்கம். மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று மேடை நிறையப் பக்கவாத்தியங்களை உட்கார வைத்துக்கொண்டு பாடுவார். "ஃபுல் பெஞ்ச்" கச்சேரி என்றே அதற்குப் பெயர். கணக்கு இல்லாமல் கச்சேரியா என்று ஒரு கட்சி. கணக்கு கூடிப்போனால் பாட்டு எங்கே என்று ஒரு கட்சி. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் உருப்படிகளைச் சுருக்கமாக அடுக்கி ஒரு கச்சேரி முறையை வகுத்தார். நாடு அந்தப் பக்கம் போய்விட்டது.

ஆனால் நயினா பிள்ளையின் வழி அத்தோடு முடிந்துவிட்டதா? அவர் கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்த நம்மூர்ப் பெண் டி. கே. பட்டம்மாள், பெண்கள் மேடையில் பல்லவி பாடும் வழக்கம் இல்லாத காலத்தில் பாடிக் காட்டினார். ஒரு வழி தோற்றது என்று ஊர் முடிவு கட்டிய பிறகும் அது வேறு யார் தொண்டையிலாவது போய் உட்கார்ந்துகொள்கிறது. ராஜா வழக்கைக் கேட்கும்போது இதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

எம்.எஸ்.வி. கட்சி

முதல் கட்சி ராஜாவுக்குள்ளேயே வராது. "விஸ்வநாதனுக்கு அப்புறம் பாட்டு ஏது?" என்று எழுந்து போய்விடும்.

ராஜா கட்சிக்காரர்கள் வழக்கமாகச் சொல்வது இது. 1970-களின் முதல் பாதியில் நம் டீக்கடைகளிலும் கல்யாண வீடுகளிலும் இந்திப் பாட்டுதான் ஒலித்தது. "ஆராதனா" (1969), "பாபி" (1973), "ஷோலே" (1975) எல்லாம் மொழி தெரியாமலே நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அதைத் திருப்பித் தமிழுக்குக் கொண்டுவந்தது "அன்னக்கிளி".

இதில் உண்மை உண்டு. ஆனால் எம்.எஸ்.வி. அதற்குள் ஓய்ந்துவிட்டார் என்பது உண்மை இல்லை. "அபூர்வ ராகங்கள்" 1975. "நினைத்தாலே இனிக்கும்" 1979. கமலும் ரஜினியும் இசைக்குழுவோடு சிங்கப்பூர் போகும் கதை. மேல்நாட்டு ராக், பாப் இசையில் ஊறிய கல்லூரிப் பையன்களை அந்த ஒரு படத்தில் மெல்லிசை மன்னர் கட்டிப்போட்டார். "பில்லா" 1980. ஆக, 1976-க்குப் பிறகு நான்கைந்து வருடம் இரண்டு பேரும் ஒரே வானொலியில் பக்கம் பக்கமாக ஒலித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வருடங்களில் வாலிபமாக இருந்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

எம்.எஸ்.வி. கட்சிக்குள்ளேயே ஒரு உட்கட்சி உண்டு. 1965 வரை ராமமூர்த்தியோடு சேர்ந்திருந்த காலமா, அதற்குப் பிறகு தனியாகச் செய்த காலமா என்று. அவர்கள் சண்டையை மூட்டிவிட்டு ராஜா கட்சிக்காரர்கள் தப்பித்துக்கொள்வதும் உண்டு.

இந்த இரண்டு கட்சிக்கும் ஒரே பதில் "மெல்லத் திறந்தது கதவு" (1986). மெட்டு எம்.எஸ்.வி., வாத்திய அமைப்பு ராஜா. சம்பந்தப்பட்ட இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து வேலை செய்துவிட்டார்கள். நாம்தான் வெளியே நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

மண்வாசனைக் கட்சி

இனி ராஜாவுக்குள் வருவோம். 1976 முதல் 1980 வரைதான் அசல் ராஜா என்பது இந்தக் கட்சி. இதில் பெரும்பாலும் தறிக்காரர்கள்.

தறி இருக்கும் வீட்டில் ரேடியோ இருக்கும். கை நாடாவில், கால் மிதியில், கண் பாவில். காது ஒன்றுதான் சும்மா இருக்கும். அந்தக் காதை இலங்கை வானொலி பிடித்துக்கொண்டது. மயில்வாகனன் காலத்தில் ஆரம்பித்த பழக்கம், கே. எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீது என்று அந்தக் குரல்கள் நம் வீட்டு மனிதர்களைப் போல ஆகிவிட்டன. இசையமைத்தவர் யார், எழுதியவர் யார் என்று சொல்லித்தான் பாட்டைப் போடுவார்கள். அதனால் பள்ளிக்கூடம் பாதியில் விட்ட தறிக்காரருக்குச் சினிமாப் பாட்டு விவரம் நன்றாகப் படித்தவர்களைவிட அதிகமாகத் தெரிந்திருந்தது. விவித பாரதி இன்னொரு பக்கம்.

பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் பாட்டுக்கு வாசித்து வளர்ந்தவர் ராஜா. ஏற்றம் இறைப்பவர், நாற்று நடுபவர் பாடுகிற பாட்டு அவருக்கு ஏட்டில் படித்த விஷயம் இல்லை. "அன்னக்கிளி", "16 வயதினிலே" (1977), "முள்ளும் மலரும்" (1978) மூன்றிலும் அந்தக் குரல் நேராக வந்தது. கிராமத்துப் பாட்டு அதற்கு முன்பும் சினிமாவில் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் நகைச்சுவைக்கும் திருவிழாக் காட்சிக்கும் வரும். இவர்தான் அதைக் கதாநாயகியின் சொந்தத் துக்கமாக ஆக்கினார். சபாவில் டிக்கெட் வாங்கி உட்கார முடியாத ஒரு கூட்டத்துக்கு, "நம் வீட்டுப் பாட்டும் பாட்டுதான்" என்று யாரோ சொன்ன மாதிரி இருந்தது. மண்வாசனைக் கட்சியின் பிடிவாதத்துக்குக் காரணம் அதுதான். ராகம் தாளத்தைவிட மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம் அது.

ஆனால் எதிர்க்கட்சி வக்கீல் சும்மா இருப்பாரா? "சிகப்பு ரோஜாக்கள்" எந்த வருடம் என்று கேட்பார். 1978. "பிரியா"? அதுவும் 1978, ஸ்டீரியோவில் பதிவான பாடல்கள் என்று விளம்பரத்தோடு வந்தது. "ஜானி"? 1980. இதில் எங்கே மண்வாசனை? சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசை படித்து, கன்னடப் படங்களின் ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து, லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிடார் தேர்வையும் எழுதிவிட்டுத்தான் அவர் "அன்னக்கிளி"க்கு உட்கார்ந்தார். அன்னக்கிளி பாட்டுகளிலேயே கிடாரும் வயலினும் வேலை செய்கின்றன. அவரைக் கிராமத்தோடு நிறுத்திவிட முடியாது.

கேசட் கட்சி

நம் வயதுக்காரர்களுக்குக் கொஞ்சம் இளையவர்கள் இந்தக் கட்சி. 1980 முதல் 1987, 88 வரைதான் பொற்காலம் என்பார்கள். எண்ணிக்கையில் பெரிய கட்சி இதுதான்.

ஒரு கணக்கைப் பாருங்கள். "மூடுபனி" (1980) அவருடைய நூறாவது படம். "நாயகன்" (1987) நானூறாவது. ஏழு வருடத்தில் முந்நூறு படம், தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் எல்லாம் சேர்த்து. வருடத்துக்கு நாற்பதுக்கு மேல் என்று ஆகிறது. இந்த வேகத்துக்கு நடுவில்தான் "ராஜபார்வை" (1981), "மூன்றாம் பிறை" (1982), "முதல் மரியாதை" (1985), "மௌன ராகம்" (1986) எல்லாம் வந்தன. தெலுங்கு "சாகர சங்கமம்" (1983), தமிழ் "சிந்து பைரவி" (1985) இரண்டுக்கும் தேசிய விருது.

கேட்கும் விதமும் மாறியிருந்தது. வானொலி போட்டால்தான் பாட்டு என்ற நிலை போய், கேசட் வந்தது. எக்கோ கம்பெனி கேசட் வாங்கக் காசு இல்லாதவர்கள் 60 நிமிட, 90 நிமிட வெற்றுக் கேசட்டோடு பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடைக்குப் போவோம். வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் மறுநாள் கிடைக்கும். அந்தப் பட்டியலைப் பார்த்தே ஆளை எடை போடலாம். கடைக்காரர் ஒரு விமர்சகர். "இதுக்கு அடுத்து இந்தப் பாட்டைப் போட்டா நல்லா இருக்காது சார்" என்று திருத்துவார். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்க முடிந்தபோதுதான், பாடுகிற குரலுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று ஜனங்கள் கவனிக்க ஆரம்பித்தார்கள்.

பின்னால் நடந்தது என்ன? அப்போதெல்லாம் பாடகர், வயலின் கூட்டம், புல்லாங்குழல், தபேலா, கிடார் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே பதிவில் வாசித்தாக வேண்டும். ஒருவர் தப்பினால் முதலிலிருந்து. ராஜா காலையில் வந்து மெட்டுக்கு மேல் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக மேல்நாட்டுக் குறியீட்டில் எழுதிவிடுவார். வாசிப்பவர்கள் பார்த்து எழுதிக்கொண்டு ஒத்திகை பார்ப்பார்கள். புருஷோத்தமன், சதானந்தம், விஜி மானுவல், நெப்போலியன் என்கிற அருண்மொழி, வயலினில் வி. எஸ். நரசிம்மன் போன்ற கைகள் அங்கே இருந்தன. பாடல் முடிந்து அவர்கள் வீடு போவதற்குள் தமிழ்நாட்டுக்கு இன்னும் ஐம்பது வருடத்துக்கு ஒரு பாட்டு தயாராகியிருக்கும்.

அவர் எழுதிய முறைக்குக் "கவுண்டர்பாயிண்ட்" என்று பெயர். ஒரு மெட்டு போய்க்கொண்டிருக்கும்போதே இன்னொரு மெட்டு வேறு வழியில் போகும். இரண்டும் இடிக்காது, சேரும். நம்மூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். கோர்வைப் புடவையில் உடலுக்கு ஒரு நாடா, கரைகளுக்கு இரண்டு நாடா. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். தறிக்காரர் உடலை ஓட்ட, பக்கத்தில் உட்காருபவர் கரை நாடாவைத் தருவார். இழைக்கு இழை கோர்த்தால்தான் புடவை நிற்கும். ஒரு நாடாவில் மூன்றையும் ஓட்டினால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் அது கோர்வை ஆகாது. கேசட் கட்சிக்காரர்கள் காதால் கண்டுபிடித்தது இந்தக் கோர்வையைத்தான்.

இந்தக் கட்சிக்குள் ஒரு மனக்குறை உண்டு. "நிழல்கள்" (1980) படத்தில் அறிமுகமான வைரமுத்துவும் ராஜாவும் 1986 வாக்கில் பிரிந்தார்கள். அதற்குப் பிறகு மெட்டு இருந்தது, சொல் இளைத்தது என்று ஒரு பிரிவு சொல்லும். வாலியையும் புலமைப்பித்தனையும் கங்கை அமரனையும் வைத்துக்கொண்டு இப்படிச் சொல்லலாமா என்று மற்றப் பிரிவு பாயும். நான் இரண்டாம் பிரிவு. ஆனாலும் "முதல் மரியாதை"யை யாராவது எடுத்துப் போட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்.

1992-ஆம் வருஷத்துக் கோடு

"ரோஜா" வந்தது 1992. அதோடு ராஜா காலம் முடிந்தது என்று கோடு போடுகிறவர்கள் உண்டு. அதே 1992-இல்தான் "தேவர் மகன்" வந்தது என்று பதில் சொல்கிறவர்களும் உண்டு. அதற்கு முந்தைய வருடம் "தளபதி". இது மிகவும் புண்பட்ட கட்சிகளின் சண்டை. வீட்டில் அப்பாவும் மகனும் எதிர் எதிரே நின்ற சண்டை.

மாறியது ஆள் மட்டும் இல்லை, வேலை செய்யும் முறையும் மாறியது. கம்ப்யூட்டர் வந்த பிறகு தாளத்தையும் வாத்தியங்களையும் தனித்தனியாக, தனித்தனி நாளில்கூடப் பதிந்து ஒட்ட முடிந்தது. முப்பது வயலின் உட்கார்ந்த இடத்தில் ஒரு கீபோர்டு போதும் என்று ஆனது. சின்னப் பட முதலாளிக்கு லாபம். வயலின்காரர்களுக்கு? காஞ்சிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கேள்வியைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. விசைத்தறிப் புடவையைக் கைத்தறி என்று விற்பதைப் பார்த்தவர்கள் நாம். தறிக்காரர் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் தினம் போகிற கம்பெனி பஸ்களைப் பார்க்கிறவர்கள் நாம். பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. மாதச் சம்பளம் உத்தரவாதம். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடா தர ஆள் இல்லாத தறி என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும்.

இதை வைத்துக் கம்ப்யூட்டரை ரஹ்மான் தலையில் போட்டுவிட்டு ராஜாவைக் கைத்தறிக்காரர் ஆக்கிவிட முடியாது. "புன்னகை மன்னன்" (1986) படத்திலேயே கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தவர் ராஜா. அந்தக் கருவியோடு அங்கே வேலை செய்தவர் இளைஞர் ரஹ்மான். கருவி இரண்டு பேருக்கும் பொது. 1990-களின் பிற்பகுதியில் ராஜாவின் பல படங்களில் கீபோர்டு சத்தம் மெலிந்து ஒலித்தது என்று அவருடைய ரசிகர்களே ஒப்புக்கொள்கிறார்கள். படங்களின் தரமும் ஒரு காரணம். அதே சமயத்தில்தான் "சேது" (1999), "ஹே ராம்" (2000), "பாரதி" (2000) வந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐந்நூறாவது படம் "அஞ்சலி" (1990). ஆயிரமாவது "தாரை தப்பட்டை" (2016). முதல் ஐந்நூறுக்குப் பதினான்கு வருடம், அடுத்த ஐந்நூறுக்கு இருபத்தாறு. ஓட்டம் குறைந்தது, நிற்கவில்லை.

நம்மூர்க் கணக்கில் சொன்னால், 1979-இல் அத்திவரதர் வெளியே வந்தபோது ராஜா சினிமாவுக்கு வந்து மூன்று வருடம். அடுத்து 2019-இல் வந்தபோது நாற்பத்து மூன்று வருடம். அந்த வரிசையில் மணிக்கணக்கில் நின்ற இளைஞர்கள் செல்போனில் கேட்டுக்கொண்டிருந்தது 1980-களின் பாட்டு. அவர்கள் பிறப்பதற்கு முந்தைய பாட்டு. 1992-இல் கோடு போட்டவர்கள் இதற்கு என்ன சொல்வார்களோ!

உரிமைச் சண்டை

கட்சிக்காரர்களையே இரண்டாகப் பிளந்தது 2017. மேடைகளில் தன் பாட்டைப் பாடுவது பற்றி எஸ். பி. பாலசுப்பிரமணியத்துக்கு ராஜா வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ராஜா மெட்டையும் பாலு குரலையும் பிரித்துக் கேட்டே பழக்கமில்லாத நமக்கு, அம்மா அப்பா கோர்ட்டுக்குப் போன மாதிரி இருந்தது. உழைத்தவனுக்கு உரிமைப் பணம் வேண்டாமா என்று கேட்டவர்களும் நியாயமாகத்தான் கேட்டார்கள். 2019-இல் இருவரும் ஒரே மேடையில் நின்றார்கள். 2020 செப்டம்பரில் பாலு போய்விட்டார். அந்த இடைப்பட்ட ஒரு வருடமாவது கிடைத்ததே என்று நினைத்துக்கொள்கிறேன்.

சிம்பொனிக் கட்சி

கடைசியாக வந்த கட்சி, "இனி சினிமா போதும், அவர் பெரிய இசைதான் எழுத வேண்டும்" என்பது. 2025 மார்ச் 8 அன்று லண்டன் அப்பல்லோ அரங்கில் ராயல் பில்ஹார்மானிக் குழுவினர் அவருடைய "வேலியன்ட்" சிம்பொனியை வாசித்தார்கள். அப்போது அவருக்கு வயது 81. செப்டம்பரில் தமிழ்நாடு அரசு சென்னையில் பாராட்டு விழா எடுத்தது. அன்றைக்கு ஆரம்பித்த வாதம் இன்னும் ஓயவில்லை. "இந்த வயதில் இதுதான் அவர் வழி" என்பவர்கள் ஒரு பக்கம். "எனக்குச் சிம்பொனி புரியவில்லை, இன்னொரு முதல் மரியாதை கொடுக்கட்டும்" என்பவர்கள் மறு பக்கம்.

உற்சாகத்தில் சிலர் ஆசியாவிலேயே முதல் சிம்பொனி என்று பரப்பினார்கள். அது சரியில்லை. ஜப்பானின் கோசாக்கு யமடா 1912-லேயே சிம்பொனி எழுதிவிட்டார். ராஜாவின் பெருமைக்கு இந்த மாதிரிப் பட்டம் தேவையும் இல்லை.

இது திடீரென்று வந்த ஆசையும் இல்லை. தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக அவர் செய்த "ஹவ் டு நேம் இட்" 1986-இல் வந்தது. ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலோடு "நத்திங் பட் விண்ட்" 1988-இல். 1993-இல் லண்டனில் இதே ராயல் பில்ஹார்மானிக் குழுவோடு ஒரு சிம்பொனி பதிவானது. அது வெளிவரவே இல்லை. 2005-இல் புடாபெஸ்ட் இசைக்குழுவோடு "திருவாசகம்". மணிவாசகர் வாக்குக்கு ஹங்கேரிக்காரர் வயலின் வாசிப்பதா என்று ஏகாம்பரநாதர் கோயில் பிராகாரத்தில் அப்போது நடந்த வாதமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வாதாடிய பெரியவர் ஒருவர் பிறகு தினமும் காலையில் அந்தக் குறுந்தகட்டைத்தான் போட்டார்.

வெளியூர் வழக்குகள்

இப்படிச் சண்டை போடுவது நாம் மட்டும்தானா என்றால் இல்லை. அமெரிக்காவில் பாப் டிலன் வெறும் கிடாரோடு நாட்டுப்புறப் பாட்டுப் பாடிப் பெயர் வாங்கியவர். 1965-இல் நியூபோர்ட் விழாவில் மின்சாரக் கிடாரோடு வந்து நின்றபோது அவருடைய ரசிகர்களே கூச்சல் போட்டார்கள். மறு வருடம் இங்கிலாந்தில் மான்செஸ்டரில் ஒருவர் அவரை "யூதாஸ்" என்றே கத்தினார். அந்த டிலனுக்குத்தான் 2016-இல் இலக்கிய நோபல் கொடுத்தார்கள். பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் குழுவில் சிட் பாரெட் 1968-இல் விலகினார்; அவர் இருந்த காலமா விலகிய காலமா என்று அங்கே இன்றும் கட்சி உண்டு. 1962-இல் ஆரம்பித்த ரோலிங் ஸ்டோன்ஸ் குழு 2023-இல் புது இசைத்தொகுப்பு வெளியிட்டது. வழக்கம்போல, பழைய மாதிரியே இருக்கிறது என்று ஒரு கூட்டம் சந்தோஷப்பட்டது, அதையே குறையாகவும் ஒரு கூட்டம் சொன்னது. எண்பது வயதுக் கலைஞரிடம் நம் இருபது வயதைத் திருப்பிக் கேட்பது உலக வழக்கம் போலிருக்கிறது.

என் வாக்குமூலம்

இத்தனை வருடம் எல்லாக் கட்சியையும் கேட்டதில் எனக்கு ஒன்று தோன்றுகிறது. கேசட் கட்சியும் சிம்பொனிக் கட்சியும் எதிரிகள் இல்லை. இரண்டும் ஒரே பொருளைத்தான் கேட்கின்றன.

1983-இல் பிரசாத் ஸ்டுடியோவில் என்ன நடந்தது? ஐம்பது அறுபது பேர் ஒரே கூடத்தில் உட்கார்ந்து, தாளில் எழுதியதைப் பார்த்து, ஒருவர் மூச்சை ஒருவர் கவனித்து வாசித்தார்கள். 2025-இல் லண்டனில் என்ன நடந்தது? அதேதான், ஆள் மட்டும் அதிகம். நடுவில் முப்பது வருடம் கம்ப்யூட்டரும் தனித்தனிப் பதிவும் வந்து அந்தக் கூடத்தைக் காலி செய்துவிட்டன. அந்தக் கூடத்தைத் தேடித்தான் அவர் புடாபெஸ்டுக்கும் லண்டனுக்கும் போனார் என்று நான் நினைக்கிறேன். "பழைய ராஜா வேண்டும்" என்பவர்கள் தேடுவதும் அந்தக் கூடத்தின் சத்தத்தை. சிம்பொனி புரியவில்லை என்பவர்கள், "மௌன ராகம்" பின்னணி இசையைப் பாட்டை விட்டுவிட்டு ஒரு முறை தனியாகக் கேட்டுப் பார்க்கட்டும். கதவு அங்கேயே திறந்திருக்கிறது.

ஆகவே அவர் சினிமா செய்ய வேண்டுமா, சிம்பொனி செய்ய வேண்டுமா என்று எனக்குக் கவலை இல்லை. "விடுதலை" (2023) பார்த்த பிறகு சினிமாவுக்கும் அவரிடம் இன்னும் சரக்கு இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. என் கவலை அந்தக் கூடத்தைப் பற்றி. இந்தியாவின் முதல் தொழில்முறை சிம்பொனி இசைக்குழு மும்பையில் 2006-இல்தான் ஆரம்பமானது. ராஜாவுக்கு வாசித்த கைகள் முதுமையில் இருக்கின்றன, சிலர் மறைந்துவிட்டார்கள். அடுத்த தலைமுறைக்கு அந்த வித்தை எப்படிப் போகும்?

எனக்கு ஒரே ஒரு ஆசை. அவர் தன் படங்களுக்கு எழுதிய இசைக்குறிப்புகள் அச்சாக வேண்டும். முதலில் பத்துப் பாட்டு, பிறகு நூறு பாட்டு. இந்த வாத்தியத்துக்கு இந்த வரி என்று பிரித்துப் போட்ட புத்தகம். அது இருந்தால் நம்மூர்ப் பள்ளிக்கூடத்துப் பத்துப் பிள்ளைகள் வயலினும் குழலும் வைத்துக்கொண்டு ஒரே அறையில் உட்கார்ந்து வாசிக்க முடியும். கோர்வைத் தறியில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் கோர்க்கப் பழகலாம். இதுவும் அப்படித்தான். அவர் எழுதியதை அவர் கண் முன்னால் நம் பிள்ளைகள் வாசித்தால், எந்தக் காலம் பொற்காலம் என்ற வழக்கை நான் வாபஸ் வாங்கிக்கொள்ளத் தயார்.

அதுவரை வழக்கு நடக்கட்டும். நான் 1980 முதல் 1986 வரை என்ற கட்சி. உங்களுடையது எது, எந்தப் படத்தோடு ஆரம்பித்தது என்று பார்க்கும்போது சொல்லுங்கள். 1992 என்று கோடு போடுகிறவர்கள் மட்டும் "தேவர் மகன்" கேட்டுவிட்டு வரவும்.